வாழைப்பழத்தில் வைத்த மாத்திரை

அண்ணனூர்
வியாழக்கிழமை

அன்பு மகள் ஜெனிஷாவுக்கு அம்மா எழுதுவது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் இன்றைக்குச் சுகமாக இருக்கிறோம், நாக்பூர் வெயிலில் உனக்கு ஒன்றும் ஆகாமல் இருக்கத் தினமும் வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்க இதென்ன கடிதம் என்று நினைப்பாய். உங்கள் ஹாஸ்டலில் ஞாயிற்றுக்கிழமை பத்து நிமிஷம் போன் தருகிறார்கள், அந்தப் பத்து நிமிஷமும் அப்பா என் தோளை இடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், இது அவர் காதில் விழாமல் சொல்ல வேண்டியது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்பா பிழைத்துவிட்டார், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இரண்டு நாள் ஆகிறது. போன ஞாயிறு அப்பா தூங்குகிறார் என்று உன்னிடம் சொன்னேனே, அது வார்டு வராந்தாவில் நின்றுகொண்டு சொன்ன பொய்.

ஜனவரியில் பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்கு விழுங்குவதுதான் பெரிய போராட்டம், உனக்கே தெரியும். அதனால் மூன்று வேளை பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு, காலையில் ஒன்று போதும் என்று டாக்டர் புதிதாக ஒரு பெரிய மாத்திரை எழுதினார். ஒரு தடவை மல்லுக்கட்டினால் போதுமே என்று எனக்கு ஒரே சந்தோஷம். இவரோ, "இன்னாமா இது, மாத்திரையா போல்ட்டா, தொண்டையிலயே நின்னுகினு கீது" என்று துப்பிவிட்டார். போன ஞாயிறுக்கு முந்தின ஞாயிறு, போனில் உன்னிடம் கேட்டேன். உனக்குப் பின்னால் போனுக்கு நின்ற பெண்கள் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள், நீயும் அவசரத்தில், "பொடி பண்ணி வாழைப்பழத்துல வச்சுக் குடும்மா, உள்ள போனா சரி" என்றாய். எந்த மாத்திரை என்று நீ கேட்கவில்லை, மாத்திரை மாறிவிட்டது என்று நானும் சொல்லவில்லை. மறுநாளிலிருந்து சின்ன இடிகல்லில் நுணுக்கிப் பழத்தில் பிசைந்து ஊட்டினேன். உன் நர்சிங் பாடத்திலிருந்து நீ விரல் மடக்கிச் சொல்லிக் காட்டுவாயே, சரியான ஆள், சரியான மருந்து, சரியான அளவு, சரியான வழி, சரியான நேரம் என்று, அதையும் மனசுக்குள் சொல்லிக்கொண்டுதான் ஊட்டினேன். தினமும் மதியம் வரை கிறுகிறுப்பு என்று படுத்துக் கிடந்தார், கத்தரி வெயில் என்று நினைத்தேன், எவ்வளவு பெரிய மடச்சி நான்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு ஊட்டினேன், ஒன்பது மணிக்குப் பாத்ரூம் வாசலில் சரிந்துவிட்டார். கை கால் ஐஸ் மாதிரி, கூப்பிட்டால் கண் மட்டும் அசைகிறது. எதிர்வீட்டு வடிவு அக்காவும் ஆட்டோ தேவாவும் தூக்கிப் போட்டுக்கொண்டு அம்பத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், நான் செருப்பில்லாமல் போயிருக்கிறேன், அதுவே எனக்கு மத்தியானம்தான் தெரிந்தது. நாடித்துடிப்பு முப்பத்தெட்டு என்றார்கள். "மாத்திரை எப்படிக் குடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டார். என் பொண்ணுதான் பொடி பண்ணச் சொன்னாள் என்று வாய் வரைக்கும் வந்தது ஜெனி. அதை எழுதிக்கொள்வார்களோ, உன் காலேஜுக்குத் தெரிந்துவிடுமோ, உன் படிப்பே நின்றுவிடுமோ என்று என்னென்னவோ ஓடியது. "அப்படியே முழுங்கினார் சார்" என்று சொல்லிவிட்டேன். அன்று மூன்று மணி வரை அந்தப் பொய்யை வைத்துக்கொண்டு, அந்த மெஷினில் நாற்பது, முப்பத்தொன்பது, நாற்பத்தொன்று என்று மாறுவதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்படி ஒரு பயம் என் ஜென்மத்தில் பட்டதில்லை.

மூன்று மணிக்குப் பெரிய டாக்டர் வந்தார். இந்த அளவு மாத்திரைக்கு இவ்வளவு இறங்காது, கோளாறு இதயத்திலேயே இருக்கும்போல, பேஸ்மேக்கர் வைக்கிற ஆஸ்பத்திரிக்கு மாற்ற ஏற்பாடு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்போதுதான் அப்பாவுக்குக் கொஞ்சம் தெளிவு வந்திருந்தது. பக்கத்துப் படுக்கைத் தங்கவேலிடம் மெதுவாக, "என் பொண்ணு நர்ஸுக்குப் படிக்குது சார், அது சொல்றபடிதான் நம்ம ஊட்ல எல்லாம் நடக்குது" என்று சொன்னார். என்னால் அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. தேவிப்பிரியா என்று ஒரு டியூட்டி சிஸ்டர், உன்னைவிட ஐந்தாறு வயசுதான் கூட இருக்கும், அவளிடம் போய் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். யார் சொன்னது என்று கேட்டாள், உன் பேரையும் செகண்ட் இயர் என்பதையும் சொன்னேன். திட்டுவாள் என்று பார்த்தேன், அவள் டாக்டரைத் தேடி ஓடினாள்.

அந்த மாத்திரை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக ரத்தத்தில் இறங்கும்படி செய்ததாம். நுணுக்கினால் ஒரு நாள் மருந்தும் ஒரே மூச்சில் இறங்கிவிடுமாம். மருந்தும் சரி, அளவும் சரி, என் இடிகல்லுதான் அதை வேறு மருந்தாக்கிவிட்டது. நசுக்கக் கூடாது என்று அட்டைக்குப் பின்னாலேயே பொடி எழுத்தில் இங்கிலீஷில் போட்டிருந்ததாம். வேறு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவதை நிறுத்தி, ராத்திரி முழுக்கக் கவனித்தார்கள், சனிக்கிழமை காலை அறுபத்திரண்டு வந்துவிட்டது. இப்போது கரைத்துக் கொடுக்கிற மாதிரி வேறு மாத்திரை தந்திருக்கிறார்கள். அதையும் வடிவு அக்காவைப் பக்கத்தில் நிற்க வைத்துக்கொண்டுதான் கொடுக்கிறேன். கொடுத்த பிறகு ஒரு மணி நேரம் அவர் மணிக்கட்டை விடுவதில்லை, இந்த வயசில் இன்னா புதுசா கையைப் பிடிச்சுகினு என்று கிண்டல் செய்கிறார்.

உன்மேல் கோபம் இல்லை கண்ணு, பாதித் தப்பு என்னுடையது. எனக்கு இருக்கிறது பயம்தான். வீட்டில் இருக்கிற அம்மா நான், பெற்ற பிள்ளைக்காக ஆறு மணி நேரம் மறைத்தேன், அதற்குள் அவர் நெஞ்சைத் திறக்கிற வரைக்கும் போய்விட்டார்கள். நாளைக்கு வார்டில் உன் கை தவறினால் நீயும் பயத்தில் வாயை மூடிக்கொண்டு நிற்பாயோ, அங்கே படுத்திருப்பவரும் யாருக்காவது அப்பாதானே. அதனால் இதை நான் அப்பாவிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். இந்த ஞாயிறு போனை நேராக அவர் கையில் கொடுத்துவிடுவேன். என்ன நடந்தது என்று நீயே உன் வாயால் அவரிடம் சொல்ல வேண்டும். கோபித்துக்கொள்வாரோ, அழுவாரோ எனக்குத் தெரியாது. நான் பக்கத்தில்தான் இருப்பேன், ஆனால் உனக்காகப் பேச மாட்டேன்.

மாதா உன் கையையும் நாக்கையும் காக்கட்டும், திங்கட்கிழமை பரீட்சையை நன்றாக எழுது, சாப்பிடாமல் படிக்காதே. ஞாயிறு நாலு மணியிலிருந்து போன் அப்பா மடியில் இருக்கும், மறக்காமல் கூப்பிடு.

உன்னைப் பெற்ற அம்மா,
எ. ஞானகுமாரி