ஊதிப் போட்ட விதை

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் அம்மாவும் சுகம், அவள் முழங்காலைத் தவிர. அது தினம் ஒரு புதுப் பாட்டுப் பாடுகிறது. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி நன்றாக இருக்கிறாய் என்ற நம்பிக்கையில்தான் பேனாவை எடுத்தேன். போனில் சொல்லலாம், ஆனால் பாதியிலேயே அம்மா பிடுங்கிக்கொள்வாள், விஷயம் உன்னிடம் வந்து சேராது.

நீ வேலை பார்க்கும் தோட்டத்திலிருந்து வாடாத டெய்ஸிப் பூவின் விதை அனுப்பினாயே, அதைப் பற்றித்தான். கிடைப்பதே அபூர்வம், மழை பொய்த்தாலும் தாக்குப்பிடிக்கும், பத்திரம் என்று நீ சொன்னதால் கடைக்கே கொண்டுபோய், கடிகாரம் பழுது பார்க்கும் மேஜையில் கொட்டி, கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு பார்த்தேன். ஒவ்வொன்றின் தலையிலும் பஞ்சு மாதிரி முடி. இத்தனை வருஷமாக இந்த மேஜையில் பஞ்சைக் கண்டால் நான் என்ன செய்வேன்? யோசிக்கவே இல்லை, வாய் தானாக ஊதிவிட்டது. உன் அபூர்வ விதை கடை முழுக்கப் பறந்தது. நானும் பக்கத்துக் கடைச் சாவிக்காரரும் தரையில் தவழ்ந்து ஒரு சிட்டிகை தேற்றினோம். பேட்டரி மாற்ற வந்த ஒரு அம்மாளும் கூடவே குனிந்து தேடினார், எதைத் தேடுகிறோம் என்று கடைசிவரை கேட்கவே இல்லை.

தேற்றியதை வீட்டுத் தொட்டியில் போட்டோம். மண்ணுக்கு மேலேயே தூவுங்கள், மூடாதீர்கள், வெளிச்சம் வேண்டும் என்று படித்துப் படித்துச் சொன்னாய். அம்மாவோ, பாவம் குளிருமே என்று இரண்டு விரல் மண்ணைப் போர்த்திவிட்டு, காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினாள். பிள்ளை வளர்த்த கை சும்மா இருக்குமா. ஒன்றுகூட முளைக்கவில்லை. நான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். ஏனென்றால், பூத்ததும் வந்து பாக்கறேன்பா என்று நீ பேச்சுவாக்கில் சொன்னதை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தேன். வருகிறேன் வருகிறேன் என்று மூன்று வருஷம் ஓடிவிட்டது, முதல் தடவையாக ஒரு தேதி கிடைத்த மாதிரி இருந்தது எனக்கு.

போன மாதம் ஒரு நாள் ஷட்டரைத் தூக்கிவிட்டுக் கீழே பார்க்கிறேன், கடை வாசல் சிமெண்டு வெடிப்பில் சாம்பல் நிற இலையோடு ஒரு செடி. களை என்று பிடுங்கக் கையை வைத்துவிட்டேன். நீ அனுப்பிய படத்தைச் சாவிக்காரரிடம் காட்டியிருந்தது நல்லதாகப் போயிற்று, அவர்தான் ஓடிவந்து தடுத்தார். அந்த வெடிப்பில் ஒரு ஸ்பூன் மண்கூட இருக்காது, யாரும் தண்ணீர் விட்டதில்லை, அப்படியானால் அது எதைக் குடிக்கிறது? படித்தவள் நீதான் சொல்ல வேண்டும். உட்காரும் பலகை போன ஒரு ஸ்டூலை அதன்மேல் வேலியாக நிறுத்தியிருக்கிறேன், வருகிறவர்கள் சுற்றிக்கொண்டுதான் உள்ளே வருகிறார்கள்.

முந்தாநாள் பூத்துவிட்டது. நல்ல மஞ்சள். தொட்டால் சரசரவென்று காகிதம் மாதிரி இருக்கிறது, காய்ந்துபோய்விட்டதென்று எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. லென்ஸை மாட்டிக்கொண்டு தரையோடு தரையாகப் படுத்துப் பார்த்த பிறகுதான் நடுவில் மகரந்தம் புத்தம் புதிதாக இருப்பது தெரிந்தது. வெயில் இறங்கினால் மூடிக்கொள்கிறது, நானும் ஷட்டரை இறக்குகிறேன். வாசலைக் கழுவினாலும் மூடிக்கொள்கிறது. காற்றில் ஈரம் ஏறியது அதற்கு எப்படித் தெரிகிறது? இதையும் எழுது.

அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? வாடாத பூதானே, அறுத்துக் கவரில் போட்டு அனுப்பிடலாம், குழந்தைக்கு எதுக்கு அவ்வளவு தூரம் அலைச்சல் என்றாள். சொன்னதோடு நிற்காமல் நேற்று கத்தரிக்கோலோடு கடைக்கே வந்துவிட்டாள். ஸ்டூலுக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஒரு குறையும் இல்லாமல் நன்றாக இரு கண்ணு. கண்ணைக் கெடுத்துக்கொண்டு வேலை பார்க்காதே. பூ வாடாது, மெதுவாகப் போய்க்கொள்ளலாம் என்று மட்டும் நினைத்துவிடாதே. இந்த வாசலில் வாடாதது அது ஒன்றுதான்.

இப்படிக்கு,
ஊதிக் கெடுத்த உன் அப்பா