கானா விசாவுக்குத் தேவையானவை

பெப்ரவரி 3, செவ்வாய்

மைனஸ் 11. எல்லிங்ஸ்ருட் முழுக்கக் கண்ணாடி மாதிரி ஐஸ். மண் போட்டும் வழுக்குது. காலமை முறை. 5.40க்கு டிப்போவில பஸ் எடுத்தது, 13.30க்கு விட்டது. முழங்கால் நோ.

கானா விசாவுக்கு, தூதரகப் பக்கத்தில பாத்து எழுதினது:

– பாஸ்போட். ஆறு மாசமாவது செல்லவேணும். இருக்கு.
– படம் 2. எடுக்கவேணும்.
– விண்ணப்பம் கொம்பியூட்டரில நிரப்பி, பிறிண்ட் எடுத்து, அங்கை போய் அவைக்கு முன்னால கையெழுத்து.
– போக வர டிக்கெட் புக்கிங்.
– மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை. பயணத்துக்குப் பத்து நாள் முந்தியாவது போடவேணும்.
– தங்கிற இடம். ஹோட்டல், இல்லாட்டி அங்கத்தை ஆள் ஒராள் தாற அழைப்புக் கடிதம்.

கடிதம் யோகன் அனுப்புறானாம்.

ரெண்டு கிழமைக்கு முன்னம் அவன்ர போன் வந்தது. இஞ்சை நோர்வேயில, திராமனில ஆரோ என்ர நம்பர் குடுத்திருக்கினம். "டேய் ரெஜி! உயிரோட இருக்கிறியோடா?" மூண்டு தரம் கேட்டான். பிறகு அழுதான். முப்பது வருசமாக் கானாவிலதான். கொம்ஃபோட் எண்டு கானாக்காரியைக் கட்டி, தேமா துறைமுகத்தடியில ஹாட்வெயர் கடை. மூண்டு பிள்ளையள். மூத்தவள் அபேனாவுக்கு ஏப்ரல் 11 கலியாணம். "என்ர பக்கத்தில நிக்க ஒரு தமிழன் இல்லை மச்சான். நீ வா."

வாறன் எண்டிட்டன்.

"அண்டைக்கு உனக்கு என்னடா நடந்தது?" எண்டும் கேட்டவன். "பொலிஸ் பிடிச்சிட்டுது" எண்டன். யோசிக்கவே இல்லை. வாய் தானாச் சொல்லிச்சுது.

பெப்ரவரி 5, வியாழன்

பனி கொட்டுது. ஊசி போட்டாச்சு. இடது கை.

தாதி நல்ல பிள்ளை. மலேரியா வந்ததோ எண்டு கேட்டா. எனக்கு வரேல்லை எண்டன். உண்மை. முன்னம் கானா போனனீங்களோ எண்டதுக்கு இல்லை எண்டன். ஏன் அப்பிடிச் சொன்னனான்? அவவுக்கு அது தேவையும் இல்லை.

முன்னால ஒரு நோர்வேச் சோடி. கடற்கரை பாக்கப் போகினமாம். பெடியன் சொல்றான், "எத்தினை படிவம்! எங்களைப் போய் ஏன் இவ்வளவு கேக்கினம்?" பெட்டை சிரிச்சுக்கொண்டு, "அவைக்கு எங்களைத் தெரியாதே."

மஞ்சள் அட்டை பாஸ்போட்டுக்குள்ள வைச்சாச்சு. பால், வெங்காயம், என்ர மனுசி ராணியின்ர மாத்திரை வாங்கினது.

பெப்ரவரி 8, ஞாயிறு

பூசை. பிறகு லோறென்ஸ்கூக்கில ஒரு செத்தவீட்டின்ர முப்பத்தோராம் நாள். வடை, கோப்பி. வந்து சட்டை மாத்த முந்தியே யோகன் வீடியோவில.

தலை முழுக்க நரை. அதே பல்லு. கொம்ஃபோட்டைக் காட்டினான். அந்த மனுசி கையைக் கூப்பி "வணக்கம்" எண்டா. அவன் பழக்கினதாம்.

பிறகு தன்பாட்டில கதைச்சான். எழுதி வைக்கிறன், இல்லாட்டி நான் மறந்த மாதிரி நடிப்பன்.

நான் அண்டைக்கு அக்ரா வீட்டுக்குத் திரும்பி வராததும், திரும்ப ஏறின காய்ச்சலோட என்னைத் தேடி வெளிக்கிட்டவனாம். சுவரைப் பிடிச்சுப் பிடிச்சு நாலு பொலிஸ் ஸ்டேசன். பெரியாஸ்பத்திரி. கடைசியாப் பிரேத அறை. அங்கை ரெண்டு நாள் போய் நிண்டிருக்கிறான். மூண்டாம் நாள் வீட்டுக்குத் திரும்பி வர, வீடு பூட்டு. வெளிநாட்டுக்கு அனுப்ப எங்களை வைச்சிருந்த ஏஜென்ட் மிச்சப் பேரை ஏத்திக்கொண்டு போயிட்டானாம். ஆரும் இல்லை. கையில ஒரு கடுதாசியும் இல்லை.

"நீ எனக்கு மருந்து வாங்கத்தானே போனனீ. உன்னை விட்டிட்டு நான் எப்பிடிப் போறது?"

லைன் சரியில்லை எண்டன்.

போனை வைக்கேக்கை சொன்னான்: "என்ர ரெண்டாவது பெடியன்ர பேர் என்ன தெரியுமோ? ரெஜினோல்ட்."

பெப்ரவரி 11, புதன்

காய்ச்சல். 38.4. ஊசியால வாறதாம், பயப்பிடத் தேவையில்லையாம். லீவு சொல்லியாச்சு. ராணி வேலையால பின்னேரம் மூண்டு மணிக்கு வந்து கஞ்சி வைச்சுத் தந்தா.

கிண்ணத்தைப் பாத்துக்கொண்டு இருந்தன். "குடியுங்கோவன்" எண்டா. சொல்லிப்போட்டன்.

அவவுக்குச் சொன்னபடியே இஞ்சையும்.

அக்ராவில ஒரு வீட்டில ஒன்பது பேர், நாலு மாசம். எங்கட பாஸ்போட் எல்லாம் ஏஜென்டிட்டை. போற முறை யோகனுக்கு. அவனுக்கெண்டு ஒரு கள்ளப் பாஸ்போட் செய்தாச்சு. அந்தக் கிழமை பாத்து அவனுக்கு மலேரியா. ஆனா அண்டு காலமை அவனுக்குச் சுகம். கஞ்சி குடிச்சவன். ஒரு கால் சப்பாத்தும் போட்டிட்டான். மிச்சப் பேர் எழும்ப முந்தி ஏஜென்ட் முன் அறையில நிண்டு என்னைக் கேட்டான், "அவன் நடப்பானோ?"

"இல்லை. எழும்பமாட்டான். அறிவில்லாமல் கிடக்கிறான்" எண்டன்.

ஏஜென்ட் உள்ளுக்குப் போய்ப் பாக்கேல்லை. நேரமில்லை. "அப்ப நீ வா" எண்டான். படம் மாத்திறது அரை மணித்தியால வேலை.

நான் உள்ளுக்குப் போய் யோகனைப் படுக்கச் சொன்னன். "ஏஜென்ட் நாளைக்குத்தானாம் வருவான். நான் போய் உனக்கு மருந்து வாங்கிக்கொண்டு வாறன்." சப்பாத்தை நானே கழட்டி விட்டன்.

அவ்வளவுதான். அதுக்குப் பிறகு பிளேன்.

ராணி கதிரையை இழுத்துப் போட்டு இருந்தா. பிறகு, "இருபத்தாறு வருசம் உங்களோட இருந்திட்டன். ஒரு நாள் சொல்லேல்லை நீங்கள்" எண்டா. கிண்ணத்தை எடுத்துக்கொண்டு எழும்பினா. கதவடியில நிண்டு, "அந்தாள் கடிதத்தில கையெழுத்து வைக்க முந்திச் சொல்லுங்கோ" எண்டிட்டுப் போனா.

பெப்ரவரி 13, வெள்ளி

சொல்லேல்லை. ரெண்டு தரம் போன் எடுத்தன். ரெண்டு தரமும் கலியாணக் கதை. கேக், பாண்ட் வாத்தியம், எனக்குத் தைக்கிற கானாக் கென்டே உடுப்பு. தோள் அளவு கேட்டான். குடுத்தன்.

பின்னேரம் கடிதம் வந்திட்டுது. கடைக் கடுதாசியில ரைப் அடிச்சு, கையெழுத்து, சீல். அடையாள அட்டைப் பிரதி. இங்கிலிசில. "இவர் என் சகோதரர். இவர் என் வீட்டில் தங்குவார். இங்கு இருக்கும் காலம் முழுவதும் இவருக்கு நானே பொறுப்பு."

ராணி வாசிச்சா. மடிச்சு மேசையில வைச்சிட்டுப் போய் உடுப்புத் தோய்க்கப் போட்டா.

பெப்ரவரி 17, செவ்வாய்

மைனஸ் 4, சாம்பல் வானம். முறை மாத்திக்கொண்டு தூதரகம் போனது. 10.30. படம், புக்கிங், அட்டை, கடிதம், எல்லாம் ஒரு ஃபைலில. பக்கத்துக் கதிரையில ஒரு கிழவர் தன்பாட்டில, "போன முறை இவ்வளவு கேக்கேல்லை, போன முறை இவ்வளவு கேக்கேல்லை."

கவுண்டரில ஒரு கானா மனுசி. மூக்குக் கண்ணாடி, சிரிச்ச முகம். கடிதத்தை வாசிச்சிட்டு, "சகோதரரோ? பேர் வேறையா இருக்கு" எண்டா.

"இல்லை. சகோதரம் இல்லை."

"நண்பரோ?"

ஃபைலைத் திரும்ப அடுக்கினன். பின்னால லைன். அவ சிரிச்சா. "பரவாயில்லை ஐயா. எங்கட ஊரிலயும் எல்லாரும் சகோதரர்தான். விண்ணப்பத்தில கையெழுத்து வையுங்கோ."

பேனையைத் தந்தா. வாங்கிக் கவுண்டரில வைச்சன். யோகன்ர கையெழுத்துக்குப் பக்கத்தில என்ரதோ? கடுதாசியளைக் கூட்டி எடுத்தன். "இன்னொரு நாள் வாறன், மன்னிக்கவேணும்" எண்டிட்டு வெளிய வந்தன். ஒரு கையுறையை அங்கை விட்டிட்டன்.

பஸ் தரிப்பிடத்தில நிண்டபடி போன் எடுத்தன். கடையில நிண்டவன். பின்னால ஆரோ ஆணி கேக்கிற சத்தம்.

"யோகன், அண்டைக்குப் பொலிஸ் பிடிக்கேல்லை."

"என்ன?"

சொன்னன். நிப்பாட்டாமல். ஏஜென்ட் கேட்டது, நான் சொன்னது, சப்பாத்து.

ஆணி கேட்டவனுக்குத் துவி பாசையில என்னவோ சொன்னான். கடைக் கதவு சாத்தின மாதிரிக் கேட்டுது.

"அண்டைக்கு நான் கஞ்சி குடிச்சனான்."

"ஓம்."

"எனக்குச் சுகம்."

"ஓம் மச்சான்."

"மச்சான் எண்டாதை."

வைச்சிட்டான்.

ரெண்டு பஸ்ஸை விட்டிட்டன். மூண்டாவதை ஓட்டி வந்தவன் எங்கட டிப்போப் பெடியன். "என்ன அண்ணை, வேலை இல்லாத நாளிலயும் பஸ் ஸ்டொப்பில?" எண்டான். சிரிச்சு வைச்சன்.

பெப்ரவரி 18, சாம்பல் புதன்

பின்னேரப் பூசை. நெத்தியில சாம்பல். சுவாமி ஒப்புரவைப் பற்றிப் பிரசங்கம். நான் சொல்லவேண்டிய ஆள் குருவானவர் இல்லை. சொல்லவேண்டிய ஆளிட்டைச் சொல்லியாச்சு. மனம் லேசாகும் எண்டு நினைச்சனான். ஆகேல்லை.

யோகனிட்டை இருந்து ஒண்டும் இல்லை.

பெப்ரவரி 20, வெள்ளி

மெசேஜ். ஒரே வரி. "அந்தக் கடிதத்தைக் கிழி."

கிழிச்சன். ராணிக்கு முன்னால.

இரவுச் சாப்பாட்டுக்கு முந்திச் சும்மா பாத்தன். கடிதம் இல்லாட்டியும் விசா எடுக்கலாம். ஹோட்டல் ஒண்டு புக் பண்ணினாச் சரி. ரெண்டு நிமிச வேலை. இந்தச் சிவத்த நோர்வேப் பாஸ்போட் கையில இருக்கேக்கை யோகன்ர நாட்டுக்குள்ள போக எனக்கு யோகன்ர விருப்பம் தேவையில்லை. அவனுக்குத்தான் அந்த நாட்டை விட்டு வெளிக்கிடேலாமல் போனது. சாப்பிடேக்கை ராணிக்குச் சொன்னன்.

"போய் வாசலில நிக்கப்போறீங்களோ?" எண்டா ராணி.

"என்ன செய்ய?"

"ஒண்டும் செய்யாமல் இருங்கோ. அந்தாள் முடிவெடுக்கட்டும். ஒருக்காலாவது."

பெப்ரவரி 22, ஞாயிறு

கோயிலுக்குப் போகேல்லை. ராணி போனா. நிலவறையில சாமான் அடுக்கினது. பழைய சீடி, பனிச்சறுக்குக் கட்டை, உடைஞ்ச விளக்கு. எறியிறதுக்கு மூண்டு பை.

ராணி சாதாரணமாத்தான் கதைக்கிறா. கோப்பி வேணுமோ, குப்பை கட்டியாச்சோ. அதுக்கு மேல இல்லை.

பெப்ரவரி 24, செவ்வாய்

மழை. ஐஸ் கரைஞ்சு றோட்டெல்லாம் தண்ணி. 12.10, இடைவேளை அறையில பாணும் முட்டையும். யோகன் போன் எடுத்தான்.

சுகம் கேக்கேல்லை. நானும் கேக்கேல்லை.

"என்ர பிள்ளையளுக்குச் சின்னனில இருந்து ஒரு கதை சொல்லி வளத்தனான்" எண்டான். "எனக்கு மருந்து வாங்கப் போய்க் காணாமல் போன ஒருத்தன்ர கதை. சாப்பிட முந்திச் செபத்தில உன்ர பேரும் வரும். கொம்ஃபோட்தான் தொடக்கினவ."

முட்டைக் கோதைக் கூட்டி ஓரத்தில வைச்சன்.

"கலியாணத்துக்கு வராதை. அதுக்கு முந்தி வா. மூண்டு பேரையும் இருத்தி வைக்கிறன். நீ சொல்லு. நான் சொல்லமாட்டன், என்னால ஏலாது."

"வாறன்."

"வீட்டில தங்கேலாது. ஹோட்டல் பார்."

"ஓம்."

"பெடியனுக்கு இருபத்திரண்டு வயசு. இனிப் பேர் மாத்தேலாது" எண்டான். "அவனுக்கு நீ என்ன சொல்லப்போறாய் எண்டு யோசிச்சுக்கொண்டு வா."

வைச்சிட்டான். பாண் அப்பிடியே இருக்க, 12.40க்குப் பஸ் எடுத்தன்.

பெப்ரவரி 26, வியாழன்

தூதரகம். அதே மனுசி. கையுறையை எடுத்து வைச்சிருந்தவ.

தங்கிற இடம்: ஹோட்டல். முன்னம் வந்ததோ: ஓம். நோக்கம் எண்ட இடத்தில கொஞ்சம் நிண்டிட்டன். "குடும்பத்தைச் சந்திக்க" எண்டு அவ காட்டின பெட்டியில போடேல்லை. "வேறை" எண்டதில போட்டன். அவ ஒண்டும் கேக்கேல்லை. கையெழுத்து வைச்சன்.

மார்ச் 9 போய் 13 வாறது. ராணியும் வாறாவோ எண்டு கேட்டன். "இல்லை. இது நீங்கள் தனியப் போற இடம்" எண்டா. ஆனா என்ர ஷேர்ட் ரெண்டு ஸ்திரி போட்டுக் கதிரையில வைச்சிருக்கிறா.

பிள்ளையளுக்குத் தமிழ் தெரியாது. இங்கிலிசிலதான் சொல்லவேணும். என்ர இங்கிலிஸ் பயணிகளுக்கு வழி சொல்லக் காணும், இதுக்குக் காணாது. கொப்பியில எழுதிப் பாத்தன். முதல்ல "ஏஜென்ட் என்னைக் கேட்டான்" எண்டு தொடங்கினது. வெட்டினன். அது அவனில பழி போடுறது. "நாங்கள் எல்லாரும் பயத்தில இருந்தம்." அதையும் வெட்டினன்.

மூண்டாந்தரம்: "ரெஜினோல்ட், உன்ர அப்பா அண்டு காலமை நல்லா நடந்திருப்பார். எனக்குத் தெரியும்."

இது வெட்டேல்லை. அடுத்த வரி இன்னும் வரேல்லை.