பூஜையில் வைத்த பதக்கத்தை உரியவரிடம் சேர்க்க வேண்டி

அனுப்புநர்:
வீ. ராக்கப்பன் (வயது 57),
தையல் மாஸ்டர், கலீல் சீருடைத் தையலகம்,
மனாமா, பஹ்ரைன்.
(சொந்த ஊர்: காளையார்கோவில், சிவகங்கை மாவட்டம்)

பெறுநர்:
சமூக நல அலுவலர் அவர்கள்,
இந்தியத் தூதரகம், மனாமா.

பொருள்: அமெரிக்கக் கடற்படை வீரரின் பதக்கம் – திருப்பி அனுப்பக் கூரியர் அலுவலகம் இருமுறை மறுத்தது – தூதரகத்தின் சான்றுக் கடிதம் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பதக்கத்துக்கு உரிய திரு. எல்மர் ட்ரஸ்காட் நலமாக இருக்கிறார். கடற்படையிலிருந்து விலகி, தம் ஊரில் படகுகள் பழுதுபார்க்கிறார். இம்மாதம் 9-ஆம் தேதி அவரே அனுப்பிய மின்னஞ்சலால் இது உறுதியானது. அதை எனக்குத் தமிழில் வாசித்துச் சொன்னவர், எங்கள் முதலாளி கலீலுர் ரஹ்மான் அவர்களின் மனைவி நஜீஹா. ஈசா டவுனில் ஆசிரியை. ட்ரஸ்காட்டைத் தேடிக் கண்டுபிடித்தவரும் அவரே. அதுவரை மூன்று ஆண்டுகள், ட்ரஸ்காட் உயிரோடு இருக்கிறாரா என்பதே எனக்குத் தெரியாது.

2. பயங்கரவாத எதிர்ப்பு நடவடிக்கைகளுக்காக வெளிநாட்டில் பணியாற்றிய படையினருக்கு அவர்கள் அரசு வழங்கும் வெண்கலப் பதக்கம் இது. வெளிர்நீல நாடா. 2003-க்குப் பிறகு இவை எங்கள் கடைக்கு நிறைய வந்தன. கப்பல் வந்த நாட்களில் தெருவரை ஆள் நிற்கும். அணிவகுப்புக்கு முன் பதக்கங்களை ஒரே வரிசையாகத் தைத்துத் தரவேண்டும். பலருக்கு என் மூத்த மகனின் வயதுகூட இராது. தைத்ததை மாட்டிக்கொண்டு கண்ணாடி முன் மூச்சை இழுத்து நிற்பார்கள். நான் தலையசைத்த பிறகுதான் மூச்சு விடுவார்கள். அந்தக் கூட்டம் இப்போது வருவதில்லை. ஊசி எடுக்கும்போதெல்லாம் அந்த முகங்கள் நினைவுக்கு வருகின்றன.

3. 2005 அக்டோபர் 10 அன்று ட்ரஸ்காட் இப்பதக்கத்தைத் தைக்கக் கொடுத்தார். மறுநாள் ஆயுத பூஜை. தைத்து முடிக்காத வேலையையும் கத்தரி, அளவு நாடாவோடு பூஜையில் வைப்பது என் வழக்கம். பதக்கத்தில் கழுகு ஒன்று பாம்பைப் பற்றியிருக்கிறது. எனக்கு அது கருடனாகவே தெரிந்தது. சந்தனம் தொட்டுக் குங்குமப் பொட்டும் வைத்தேன்.

4. பூஜையன்று மாலை ட்ரஸ்காட் ஓடிவந்தார். கப்பல் விடியுமுன் புறப்படுகிறது என்றார். பூஜையில் வைத்ததை மறுநாள் காலைக்கு முன் எடுப்பதில்லை. முதலாளி என்னிடம், "பாவம் மாஸ்டர், கப்பல்காரப் புள்ள, எடுத்துக் கொடுத்துருங்களேன்" என்றார். "சொன்ன நேரத்துக்கு எந்தக் கப்பல் கெளம்பியிருக்கு? விடியட்டும் முதலாளி, நானே துறைமுகக் கேட்டுல கொண்டுபோய்க் குடுத்துர்றேன்" என்றேன். முதலாளி ஆங்கிலத்தில் எடுத்துச் சொன்னார். ட்ரஸ்காட் கோபப்படவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு வந்து, பொட்டு வைத்த பதக்கத்தைச் சற்று நேரம் பார்த்தார். ஒரு கை சுண்டல் வாங்கிக்கொண்டு போனார். காலை ஐந்தரைக்கு நான் துறைமுக வாசலில் நின்றேன். கப்பல் நான்கு மணிக்கே போய்விட்டது.

5. அவர் மீதோ முதலாளி மீதோ எனக்குப் புகார் இல்லை. அந்தத் தவறு என்னுடையது. என் புகார் கூரியர் அலுவலகம் பற்றியது. இம்மாதம் 10, 13 தேதிகளில் மின்னஞ்சலைக் காட்டியும், வேற்று நாட்டு ராணுவப் பொருள் என்று பொட்டலத்தைத் திருப்பித் தந்துவிட்டார்கள். தூதரகக் கடிதம் இருந்தால் ஏற்பதாக, பெயர் சொல்ல மறுத்த ஓர் ஊழியர் வாய்மொழியாகக் கூறினார். எழுத்தில் தரவில்லை.

6. பதக்கத்துக்கு மாற்று ஒன்று ட்ரஸ்காட்டுக்கு ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆயினும் இதையே கேட்கிறார். தம் மகளிடம் இதைப் பற்றிச் சொல்லியிருக்கிறாராம். பொட்டைத் துடைக்காமல் அனுப்பும்படி எழுதியிருக்கிறார். அவர் பார்த்த அதே பொட்டு இன்னும் இருக்கிறது. நான் புதிதாக வைக்கவில்லை.

ஆகவே, பதக்கத்தைப் பார்வையிட்டுச் சான்றுக் கடிதம் அளிக்குமாறும், சோதனையின்போது யாரும் அதைத் துடைக்காதபடி சொல்லி உதவுமாறும் வேண்டுகிறேன்.

என் விசா 28-ஆம் தேதியோடு முடிகிறது. 27-ஆம் தேதி திருச்சி விமானம். அடுத்த மாத ஆயுத பூஜைக்கு நான் இந்தக் கடையில் இருக்கமாட்டேன். கூரியர்காரர்கள் இரண்டு நாள் அவகாசம் கேட்பதால், கடிதம் 24-ஆம் தேதிக்குள் கிடைத்தால் என் கையாலேயே அனுப்பிவிட்டுப் போவேன்.

நாள்: 14.09.2008
இடம்: மனாமா

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) வீ. ராக்கப்பன்

இணைப்பு: மின்னஞ்சல் நகல், கடைச் சீட்டு (10.10.2005). பதக்கத்தை இணைக்கவில்லை, அழைத்தால் நேரில் கொண்டுவருவேன்.