துண்டு பிடித்த கை

தென்காசி
9-1-1967

அன்பு மகள் அகிலாண்டேஸ்வரிக்கு அப்பா வல்லிநாயகம் ஆசியோடு எழுதுவது. நானும் அம்மாவும் சுகம். நீயும் மாப்பிள்ளை நம்பிராஜனும் பெங்களூர்க் குளிரில் சளி பிடிக்காமல் இருக்க வேண்டும்.

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பண்பொழி ரோட்டில் இருக்கிற மொட்டைப் பொத்தைக் குன்றில் தை, மாசிக் காலைகளில் எந்தத் திசைக் காற்று வீசுகிறது என்று கேட்டிருக்கிறாய். கட்டிக்கொடுத்த பெண்கள் ஊரிலிருந்து கருப்பட்டி கேட்பார்கள், நார்த்தங்காய் கேட்பார்கள். காற்று கேட்டு நான் பார்த்ததில்லை. “எம்மவ கேக்கா, எழுதிப் போடுங்களேன். காத்தத் தபால்காரன் தராசுலயா போடப் போறான்?” என்கிறாள் அம்மா. என்னால் அப்படி விட்டுவிட முடியவில்லை.

தீபாவளிக்கு வந்தபோது மாப்பிள்ளை மாடியில் நின்று பருந்து பார்த்தார். இலை போட்டுக் கூப்பிட்ட பிறகும் இறங்கவில்லை. மறுநாள் என் சைக்கிளை வாங்கிக்கொண்டு அந்தப் பொத்தைப் பக்கம் போனார். மூங்கிலும் துணியும் சேர்த்து இறக்கை கட்டிக்கொண்டு குன்றிலிருந்து பறக்கிறவனின் படம் அவர் வைத்திருந்த இங்கிலீஷ் பத்திரிகையில் இருந்தது. விமானத் தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்கு ஆசை வருவது இயற்கை. இப்போது காற்று கேட்பது நீயா, அவரா?

எதற்கும் சொல்லிவைக்கிறேன். குற்றாலத்து ஆற்றில் நீ விட்ட காகிதக் கப்பல் பாறைக்குப் பின்னால் போய்க் கவிழ்ந்தது நினைவிருக்கும். பாறையைத் தாண்டிய தண்ணீர் அங்கே சுருண்டு கீழே இழுக்கும். காற்றும் அப்படித்தான். பொத்தையின் சரிவு கிழக்கே இருக்கிறது. கிழக்குக் காற்று அந்தச் சரிவில் மோதி ஏறும், ஆளையும் தூக்கும். செங்கோட்டைக் கணவாய் வழியாக வருகிற மேற்குக் காற்றோ உச்சியைத் தாண்டிச் சரிவில் சுருண்டு விழும். அதில் இறங்குகிறவனும் விழுவான். தை, மாசியில் இங்கே தினமும் மேற்குக் காற்றுதான். வேறு காற்றே இல்லை. மாப்பிள்ளையிடம் சொல்.

மற்றபடி விசேஷமில்லை. நேற்றுக் காலை அம்மா மாடியில் கூழ்வடகம் போட்டாள். ரைஸ்மில் கரி முழுக்க அதன்மேல் விழுந்துவிட்டது. மில்காரரை இன்னும் வைதுகொண்டிருக்கிறாள்.

அப்பா


பெங்களூர்
14-1-1967

அன்புள்ள அப்பாவுக்கு அகிலா நமஸ்காரம். இங்கே ஸ்டவ்வில்தான் பொங்கல் பொங்கியது. மஞ்சள் குலை மட்டும் கிடைக்கவில்லை.

ரைஸ்மில் நம் வீட்டுக்குக் கிழக்கே இருக்கிறது. மேற்குக் காற்று அடித்தால் அதன் கரி இன்னும் கிழக்கே, கீழப்பாவூரைப் பார்த்துப் போகும். அம்மாவின் வடகத்தில் எப்படி விழுந்தது? வகுப்பில் வரைபடத்தில் திசை தப்பாகக் குறித்தால் காதைத் திருகுவீர்களே, அப்பா.

நீங்கள் பொய் எழுதி நான் பார்த்ததில்லை. இப்போது ஒவ்வொரு வரியையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்க்கிறேன். அம்மா சுகம் என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் கால்வீக்கம் நிஜமாகவே வடிந்துவிட்டதா?

அகிலா


தென்காசி
20-1-1967

அன்பு மகளுக்கு,

வடகம் காட்டிக்கொடுத்துவிட்டது. காலையில் வெயில் ஏறியதும் வருவது கிழக்குக் காற்றுதான். கால்வீக்கம் வடிந்துவிட்டது. என் சொல் போதாதென்றால், அம்மாவே கீழே கையெழுத்துப் போடுகிறாள்: உலகம்மாள்.

நீ மட்டும் என்ன? என்மேல் ஒற்றன் வைத்திருக்கிறாய். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்த டீக்கடைப் பரீது, கடைவாசல் கம்பில் சிவப்பு நாடா கட்டியிருக்கிறான். காலையில் விரலை நனைத்து மேலே தூக்குகிறான்.

“என்னலே பரீது?”

“ஒண்ணுமில்ல சார்வாள், வேர்க்குது. காத்து எங்கிட்டிருந்து வருதுன்னு பாக்கேன்.”

தை மாதக் குளிரில் தலையில் மப்ளர் கட்டிக்கொண்டு நிற்கிறான்.

“வேர்த்தா மப்ளர அவுக்க வேண்டியதுதானலே?”

“அவுத்தா குளிருமே, சார்வாள்.”

இவனை நீ கடிதம் போட்டுத்தான் ஏற்பாடு செய்திருக்க வேண்டும். போகட்டும். எனக்கு ஒரே ஒரு சத்தியம் வேண்டும். மாப்பிள்ளை அந்தப் பொத்தையில் ஏற மாட்டார் என்று எழுது. உன் கழுத்தில் கிடப்பதை நினைத்து எனக்குத் தூக்கம் வரவில்லை.

அப்பா


பெங்களூர்
26-1-1967

அன்புள்ள அப்பாவுக்கு,

சத்தியம். அவர் ஏற மாட்டார். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறினாலே நான் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இறக்கையைச் செய்தவர் அவர். பறக்கப்போவது நான்.

இரண்டு வருஷமாக இங்கே கிளைடர் கிளப்பில் இன்ஜின் இல்லாத விமானத்தில் பறக்கிறேன். ஊருக்கு வெளியே சின்ன மேடுகளில் இந்த இறக்கையோடு ஓடிப் பழகியும் விட்டேன். மரமில்லாத பெரிய சரிவு ஒன்று வேண்டும், அது நம் ஊரில் இருக்கிறது. நீங்கள் சந்தேகப்பட்டதெல்லாம் அவர்மேல்தான். ஒருநாள்கூட என்மேல் வரவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மாசியில் வருகிறோம். உச்சியில் நிற்பவளுக்கு முகத்தில் படுகிற காற்று மட்டும்தான் தெரியும். தள்ளிக் கீழே நிற்பவருக்கு மலை, மரம், மேகம் எல்லாம் சேர்ந்து தெரியும். அங்கே நீங்கள் நிற்க வேண்டும். வெள்ளைத் துண்டை உயர்த்திப் பிடித்தால் ஓடுவேன். இறக்கினால் நின்றுவிடுவேன். ஏன் என்று கேட்க மாட்டேன்.

அகிலா


பெங்களூர்
23-2-1967

அப்பாவுக்கு,

உங்களிடம் சொல்லிக்கொள்ளாமல் பஸ் ஏறியது தப்புதான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் பொத்தை உச்சியில் கிழக்குக் காற்று என் முகத்தில் சீராகப் பட்டுக்கொண்டிருந்தது. துண்டு உயர்ந்திருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தேன். இறக்கிவிட்டீர்கள். சொன்ன சொல்படி நின்றுவிட்டேன். இறக்கையைக் கழற்றி, துணியை மடித்து முடிக்கிறவரை அதே காற்று அதே முகத்தில்.

ஏன் என்று கேட்க மாட்டேன் என்றேன். கேட்காமல் இருக்க முடியவில்லை. காற்று உண்மையிலேயே மாறியதா? இல்லை, இதுவும் பழைய மேற்குக் காற்றுதானா?

அகிலா


தென்காசி
28-2-1967

அன்பு மகள் அகிலாண்டேஸ்வரிக்கு,

காற்று மாறியது. உனக்குப் பின்னால், பொத்தையின் தோளுக்கு அப்பால் சில பனைகள் தெரியும். அதுவரை அவற்றின் ஓலைகள் மேற்கு மலைப் பக்கம் சாய்ந்திருந்தன. சட்டென்று கிழக்கே நம் பக்கம் சாய்ந்தன. மேற்குக் காற்று வந்துவிட்டது. உன் முகத்தில் பட்ட காற்றுக்கும் எனக்குக் காரணம் தெரியும். பாறைக்குப் பின்னால் சுருளுகிற தண்ணீர் பாறையைப் பார்த்தே திரும்பி வரும். உன் கப்பலும் பாறையை நோக்கி வந்துதான் கவிழ்ந்தது. அன்று சரிவில் ஏறி வந்தது அந்தத் திரும்புகாற்று. நல்ல காற்றைப் போலவே இருந்திருக்கும்.

இதற்குச் சாட்சி கிடையாது. பரீது வாயைப் பிளந்துகொண்டு உன்னையே பார்த்தான். மாப்பிள்ளை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார்.

ஆனால் எனக்கே என்மேல் ஒரு சந்தேகம் இருக்கிறது. நீ காலை எடுத்து வைத்ததும் என் கை கனத்தது. பனை திரும்பியதால் கை இறங்கியதா, கை இறங்கிய பிறகு பனையைப் பார்த்தேனா என்று என்னால் தெளிவாகச் சொல்ல முடியவில்லை. பரீட்சைத் தாளில் விடை சரியாக இருக்கும். பையன் கணக்குப் போட்டானா, எட்டிப் பார்த்தானா என்று தெரியாது. அப்படிப்பட்ட தாளுக்கு நான் மார்க் போட்டதில்லை.

ஆகவே அடுத்த முறை துண்டு என் கையில் வேண்டாம். பரீதைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பனைகளைக் காட்டிவிட்டேன்.

“கை வலிச்சா என்ன செய்ய, சார்வாள்?”

“வலிச்சாலும் இறக்காதலே. பனை திரும்பினா மட்டும் இறக்கு.”

“நீங்க எங்கன நிப்பிய?”

ரோட்டோரம் அம்மாவோடு, பொத்தைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பேன். நல்ல காற்றுள்ள நாளாகப் பார்த்து வா. முடிந்ததும் நீயே வந்து கூப்பிட வேண்டும். வேறு யார் கூப்பிட்டாலும் நான் திரும்பிப் பார்க்க மாட்டேன்.

அப்பா