உங்கள் திவசத்தன்று பிள்ளைகள் வியன்னாவில்

என் அன்பான இஞ்சாருங்கோ,

நீங்கள் இருந்த காலம் முழுக்க உங்களை நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இப்போது மட்டும் என்ன புதிதாக? கடை வாசலில் சும்மா கிடைக்கும் எங்கள் தமிழ்ப் பேப்பரில் உங்கள் படத்தைப் போட்டு, கீழே நாலு வரிக் கவிதையும் போட்டு, கண்ணீர் மல்கும் குடும்பத்தினர் என்று முடித்திருக்கலாம். ஆனால் எனக்குக் கண்ணீரை விடக் கோபம்தான் கூட வருகிறது. அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். உங்கள் அக்கா, என் மச்சாள், வாசிக்கட்டும். ஊரும் வாசிக்கட்டும்.

முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் ஆட்டைத் திவசம், அதுதான் முதலாவது வருடத் திவசம், போன கிழமை முடிந்தது. மகன் வரவில்லை. மகளும் வரவில்லை. இரண்டு பேரும் வியன்னாவில் நின்றார்கள். ஏன் வியன்னா என்று என்னைக் கேட்காதீர்கள். அங்கே எங்களுக்குச் சொந்தம் என்று ஒரு காக்காய் கூட இல்லை.

சிந்துவுக்கு வேலையில் லீவு கிடைத்தது. நிரோ படிப்பை முடித்துவிட்டு வீட்டில் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அக்காவும் தம்பியுமாக ஐரோப்பா சுற்றப் போகிறோம் என்று வந்து நின்றார்கள். நான் எப்படி மறிப்பது? நாலு பேருமாகப் போவோம் என்று நீங்கள் வருடா வருடம் சொல்லி, வருடா வருடம் ஓவர்டைம் செய்துகொண்டிருந்தீர்கள். சரி, அவர்களாவது பார்க்கட்டும் என்று விட்டேன். தான் குடித்த கோப்பையைக் கழுவாத நிரோ, டிக்கற், தங்குமிடம் எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொண்டான். பொறுப்பு வந்துவிட்டது என்று நான் பூரித்துப் போனேன். பெற்ற மனம் பித்து என்று சும்மாவா சொன்னார்கள்.

பாரிசில் இருக்கும் என் சித்தியின் மகளுக்கு வறுத்து இடித்த மிளகாய்த்தூள் கட்டி வைத்தேன். முதுகுப் பையில் இடமில்லை என்று மேசையிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். அவளோ பாவம், இவர்கள் வந்து தங்குவார்கள் என்று இறால், கணவாய் எல்லாம் வாங்கிச் சமைத்து வைத்திருக்கிறாள். இவர்கள் ஒரு தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, முன்பின் தெரியாத பிள்ளைகள் எட்டுப் பேர் படுக்கும் ஒரு அறைக்குப் போய்ப் படுத்திருக்கிறார்கள். அதற்குக் காசும் கொடுத்து! எனக்கு விசர் வராமல் என்ன செய்யும்?

அது போகட்டும். பெரிய பிழை வேறு.

எங்கள் ஆட்களுக்குச் செத்த நாள் இரண்டு இருக்கிறது. ஒன்று இங்கத்தைய சான்றிதழில் இருக்கும் திகதி. மற்றது பஞ்சாங்கத்தில் இருக்கும் திதி. இரண்டும் ஒரு வருடம் கழித்து ஒரே நாளில் வராது. பயணத்துக்கு முன்னம் நிரோ தன் போனில் கலண்டரைக் காட்டி, அப்பாவின் டேற்றுக்கு முதலே வந்திடுவோம் என்றான். நானும் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. அவர்கள் பிளேன் ஏறிய பிறகு ஐயருக்குப் போன் எடுத்தேன். ஐயர் பஞ்சாங்கத்தைப் பிரட்டிவிட்டு, இந்த முறை திதி முந்தி வருகிறது, பிள்ளைகள் திரும்புவதற்கு ஒரு கிழமைக்கு மேல் முன்னுக்கு விழுகிறது என்றார்.

இங்கே பிறந்த பிள்ளைகள், அவர்களுக்கு என்ன தெரியும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு கூப்பிட்டேன். அப்போது அம்ஸ்ரடாமில் நின்றார்கள். சிந்து பதறிப்போனாள். உடனே டிக்கற் மாற்றப் பார்க்கிறேன் அம்மா என்றாள். நிரோ போனை வாங்கவே இல்லை. குளிக்கிறான் என்றாள், நித்திரை என்றாள், வெளியில் போய்விட்டான் என்றாள். ஒரு கிழமையாக ஒரு பிள்ளை குளிக்குமா? எனக்குக் கோபம் தலைக்கேறியது. தகப்பனுக்குக் கொள்ளி வைத்த பிள்ளை, முதலாவது திவசத்துக்கு எள்ளும் தண்ணியும் விட வரமாட்டான் என்றால், இவனைப் பெற்று என்ன பிரயோசனம் என்று வாட்ஸப்பில் குரல் பதிவு போட்டேன். நீளமான பதிவு. நீங்கள் இருந்திருந்தால், போதும் நிப்பாட்டு என்றிருப்பீர்கள்.

இதற்குள் விசயம் றிச்மண்ட் ஹில்லில் இருக்கும் மச்சாள் வீட்டுக்குப் போய்விட்டது. உங்கள் அக்கா போன் எடுத்தா. மச்சாளைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. கோயிலில் நாலு பேர் கேட்கிறார்களாம், தகப்பனின் திவசத்துக்கு மகன் ஊர் சுற்றுகிறானாம் என்று. வேண்டுமென்றால் தன் மகனை அனுப்பித் தர்ப்பை போட வைக்கலாம் என்றா. நான் என் பிள்ளைகளை வீட்டுக்குள் என்னவும் ஏசுவேன். வெளியில் விட்டுக்கொடுப்பேனா? பிளேனில் இடம் இல்லை மச்சாள், பாவங்கள் அழுதுகொண்டு நிற்கிறார்கள் என்று பொய் சொன்னேன். உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூடலாமா?

பிறகு வியன்னாவிலிருந்து சிந்து கூப்பிட்டாள். இங்கே காலை, நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு பேருக்கும் பெரிய சண்டையாம். தான் மட்டும் தனியாக வரப் போகிறாளாம், மகள் செய்தால் ஐயர் வேண்டாம் என்பாரா என்று கேட்டாள். அவனை அங்கேயே விட்டுவிட்டா வரப் போகிறாய் என்றேன். பிறகுதான் சொன்னாள்.

"அவனுக்கு முதலே தெரியும் அம்மா. டிக்கற் புக் பண்ணேக்கையே திதி எப்ப எண்டு பாத்துத்தான் போட்டவன்."

தெரியாமல் செய்தால் பிழை. தெரிந்துகொண்டு செய்தால் அதற்கு என்ன பெயர்? தாயை இப்படி ஏய்க்கிற பிள்ளையையா நாங்கள் வளர்த்தோம்? போனை அவனிடம் கொடு என்றேன். கத்துவதற்கு எல்லாச் சொல்லையும் வாயில் வைத்திருந்தேன். அவன் எடுத்தான். நான் தொடங்க முதலே அவன் தொடங்கிவிட்டான்.

"அம்மா, அண்டைக்கு ஐயர் 'இப்ப அமத்துங்கோ தம்பி' எண்டவர். நான் அந்தப் பட்டனை அமத்தினன். உள்ள நெருப்புப் பத்தின சத்தம் எனக்குக் கேட்டது. திவசத்திலயும் அதே ஐயர் எனக்கு முன்னால இருந்து 'இப்ப' எண்டு சொல்லுவார். ஐ கான்ட், அம்மா. என்னால ஏலாது."

ஊரில் என்றால் கொள்ளியை முதுகுப் பக்கமாக வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். இங்கே காஸில் எரியும் சூளை. சுவரில் ஒரு பட்டன், லிஃப்ற்றுக்கு இருப்பது போல. அதை அமத்தச் சொல்லி என் பிள்ளையை முன்னுக்குத் தள்ளினார்கள். ஆம்பிளைப் பிள்ளை அழக்கூடாது என்று பின்னாலிருந்து யாரோ சொன்னதும் எனக்கு ஞாபகம். அவன் அழவில்லை. அமத்திவிட்டு வந்து, வந்தவர்களுக்குத் தண்ணீர்ப் போத்தல் கொடுத்தான். கெட்டிக்காரப் பிள்ளை என்று எல்லோரும் மெச்சினார்கள். அன்றையிலிருந்து அவன் எங்கள் கட்டடத்தில் லிஃப்ற் எடுப்பதில்லையாம், சிந்து சொல்கிறாள். பதினோராம் மாடிக்குப் படியால் ஏறி இறங்கும் பிள்ளையைப் பார்த்து, உடம்பைக் குறைக்கிறான் என்று நான் சந்தோசப்பட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆனாலும் எனக்குக் கோபம் போகவில்லை. இதை வாயைத் திறந்து சொன்னால் என்ன? பக்கத்து அறையில் தாய் இருக்கிறாள். அவளுக்குச் சொல்லாமல் கடல் கடந்து ஓட வேண்டுமா? அதைத்தான் கேட்டேன். ஏன்ரா எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை என்று.

"அப்பா உங்களுக்குச் சொன்னவரோ?" என்றான்.

அதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா? இரண்டு கிழமையாக நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரிந்தீர்கள். வாயு என்றீர்கள். இஞ்சியும் உள்ளிப்பூண்டும் அவித்துக் குடித்தீர்கள். டொக்டரிடம் போவோம் என்றதற்கு, இந்தக் கிழமை ஆள் குறைவு, லீவு தரமாட்டார்கள் என்று தொழிற்சாலை மெசினுக்கு முன்னால் போய் நின்று, அங்கேயே விழுந்தீர்கள். ஒரு சொல், இஞ்சாரும் எனக்கு ஏலாமல் கிடக்குது என்று ஒரே ஒரு சொல் சொல்லியிருந்தால்! எனக்குப் பயம் வரும் என்று மறைத்தீர்களாக்கும். இப்போது எனக்குப் பயமில்லை, கோபம்தான் இருக்கிறது. உங்கள் மகனும் உங்களைப் போலவே வாய் திறக்காமல் போகப் பழகிவிட்டான். மூக்கும் முழியும் மட்டும் கொடுத்திருக்கலாமே, இதையும் ஏன் கொடுத்தீர்கள்?

சிந்துவிடம் சொல்லிவிட்டேன், நீ வர வேண்டாம், தம்பியை விட்டிட்டு ஒரு அடியும் எடுத்து வைக்காதே என்று. அவளுக்கும் அழுகை. அப்பா கோபிக்க மாட்டாரா அம்மா என்று கேட்டாள். செத்தவருக்கு என்ன அவசரம், இருக்கிறவனைப் பார் என்றேன். என் வாயிலிருந்தா அது வந்தது என்று எனக்கே ஆச்சரியம்.

திவசத்தன்று மச்சாள் மகனையும் கூட்டிக்கொண்டு வந்தா. நான் தலையில் தண்ணீர் வார்த்து, ஈரத் தலையோடு ஐயருக்கு முன்னால் போய் நானே இருந்தேன். என்ன இது, பொம்பிளையள் செய்யிற வேலையோ என்று மச்சாள் பின்னாலிருந்து தொடங்கினா. ஐயர் கொஞ்சம் யோசித்தார். பிள்ளை பக்கத்தில் இல்லாவிட்டால் பெண்சாதி செய்யலாம் அம்மா என்றார். தர்ப்பையைப் பிழையான விரலில் போட்டேன், அவர் மாற்றிவிட்டார். பிண்டத்தை உருட்டும்போது உங்கள் மேல் இருந்த ஆத்திரத்தில் நன்றாக இறுக்கி உருட்டிவிட்டேன். மெதுவாக அம்மா என்றார் ஐயர். சாப்பாட்டில் குறை வைக்கவில்லை. வாழைக்காய்ப் பொரியல், பயத்தங்காய்ப் பால்கறி, உங்களுக்காக ஒரு கத்தரிக்காய்க் குழம்பு. மச்சாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டே இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டா.

பின்னேரம் சிந்துவிடமிருந்து செய்தி வந்தது. ஒரு ஆற்றங்கரைப் படியில் இருந்துகொண்டு நிரோ அன்று முழுக்க அழுதானாம். போகிற வருகிறவர்கள் பார்த்தார்களாம். அவள் பக்கத்திலேயே இருந்தாளாம். ஒரு வருடத்து அழுகையை அந்நிய நாட்டில் போய் அழ வேண்டிய நிலைக்கு என் பிள்ளையைக் கொண்டுவந்து விட்டோமே, நாங்கள் எல்லோருமாக.

இதைப் பேப்பரில் போடட்டுமா என்று அவனிடம் கேட்டேன். போடுங்கோ அம்மா, என்ர ஃபிரெண்ட்ஸ் ஒருத்தருக்கும் தமிழ் வாசிக்கத் தெரியாது என்றான். கன நாளைக்குப் பிறகு அவன் சிரித்த சத்தம் கேட்டது.

வருகிற கிழமை வந்து இறங்குகிறார்கள். ஏய்த்ததற்கு அவனுக்கு ஏச்சு இருக்கிறது, அதை நான் மன்னிக்கப் போவதில்லை. அதன் பிறகு சோறு இருக்கிறது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், கேளுங்கள். வருகிற வருடமும் அதற்கு அடுத்த வருடமும் உங்களுக்குத் தர்ப்பை போடுவது நான்தான். அவனாக வந்து கேட்டால் ஒழிய அவனைக் கூப்பிட மாட்டேன். எனக்கும் ஒரு நாள் வரும். அன்றைக்கு அந்தப் பட்டனை அங்கே சம்பளத்துக்கு நிற்கிற வெள்ளைக்காரன் அமத்தட்டும். சிந்துவிடமும் ஐயரிடமும் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன். என் பிள்ளை அக்காவுக்குப் பக்கத்தில் இருந்து வாய்விட்டு அழட்டும்.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உங்கள் பெண்சாதி,
சிந்துவுக்கும் நிரோவுக்கும் அம்மா