முழுப் பேர்

வியாழக்கிழமை. இன்னும் மழை விடவில்லை.

எங்கள் பல்கலைக்கழகமும் நோர்வேயில் உள்ள ஒரு பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தும் ஆய்வுக்காக நோர்வே பேராசிரியையும் மாணவர்களும் நானும் உடப்புசல்லாவைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போனோம். வினாத்தாளைத் தமிழில் எழுதியது நான்தான். கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ராசம்மாக்காவிடம் முதல் கேள்வியை வாசித்தேன்: "முழுப் பெயர்?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "இன்னைக்கு முழுப் பேரு இல்லங்க. மழையில கொழுந்து கொறஞ்சிருச்சி. அரைப் பேருதான் போட்டாங்க."

மாணவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். கொழுந்து பறித்துவிட்டு அரைப் பேரோடு வந்த நாட்களில் என் அம்மா யார் முகத்தையும் பார்க்கமாட்டார். அதைப் பார்த்து வளர்ந்தவள் நான். எப்படிச் சிரித்தேன்?

நோர்வே பேராசிரியை மட்டும் சிரிக்கவில்லை. என்னவென்று கேட்டார். முழுநாள் சம்பளம் விழுந்தால் முழுப் பேர், கொழுந்து குறைந்து அரைநாள் சம்பளம் விழுந்தால் அரைப் பேர் என்கிறார்கள் என்றேன். "ஒரு வருடம் உட்கார்ந்து எழுதினோம், அரைப் பேர் எத்தனை நாள் என்ற கேள்வி இல்லையே" என்று அங்கேயே அதைச் சேர்க்கச் சொன்னார்.

நானும் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவள்தான், சிரித்தது தப்பு என்று ராசம்மாக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"அட விடு புள்ள. நம்ம புள்ளதானே" என்றார்.

திரும்பும் வழியில் பேராசிரியை, கட்டுரையை எழுதியவர்களில் ஒருத்தியாக என்னையும் போடப்போவதாகச் சொன்னார். முழுப் பெயர் கேட்டார். அம்மாவின் பெயரையும் சேர்த்து எழுதிக் கொடுத்தேன்.

அம்மாவுக்கும் இன்று முழுப் பேர்.