வி கிட்டாரின் தடிக் கம்பி

நவ. 6, வியாழன்

காலையிலிருந்து தூறல். கம்பெனிக்குக் கிளம்ப இன்னும் அரை மணி. லுங்கி, பனியன், தோளில் மகள் திவ்யாவின் எலெக்ட்ரிக் கிட்டார். பீரோக் கண்ணாடி முன்னால் ஒரு காலை ஸ்டூல் மேல் வைத்து நின்றேன். வாசல் கதவு திறந்து கிடந்தது. சிலிண்டர்காரர் பார்த்துவிட்டார்.

"இன்னா சார், கச்சேரியா?"

"தொடைச்சிகிட்டிருந்தேன்."

"தொடைக்கத்துக்குத் தோள்ல மாட்டணுமா?"

சிலிண்டரை உருட்டிக்கொண்டு உள்ளே போனேன், கிட்டாரோடு.

வி எழுத்து மாதிரி இரண்டு இறக்கை. தொடையில் வைத்தால் சறுக்கும். ஒரு இறக்கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கினால் நிற்கும், லுங்கி அவிழும். சுவரில் சாய்த்தால் விழும். கட்டிலில் கமலா படுக்கும் பக்கத்தில் கிடக்கிறது. அவள் திவ்யாவின் பிரசவத்துக்குக் கனடா போய் இரண்டு மாதம். எனக்கு லீவு கிடைக்கவில்லை.

வாங்க: தோசை மாவு, கொசுவத்தி, பாத்ரூம் பல்பு.

நவ. 7, வெள்ளி

மழை. பல்லாவரம் சந்தை நாள், ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ் நகரவில்லை. வீடு வர ஏழு.

செல்போன் வீடியோ பார்த்துப் பயிற்சி, இரண்டு மாதமாக. மூன்று கார்டு, அதாவது கம்பிகளைச் சேர்த்து அழுத்தும் மூன்று பிடி. மூன்றும் துருப்பிடித்த கேட் சத்தம். விரல் தடிமன்தான் காரணம் என்று நினைக்கிறேன். வீடியோவில் தடிக் கம்பி மேலே இருக்கிறது, நம்முடையதில் கீழே. வி மாடலுக்கு அப்படித்தான் போல.

எட்டு மணிக்கு ஒரு கம்பி பட்டென்று அறுந்தது. மாடி வீட்டு அம்மா எட்டிப் பார்த்து, "அங்கிள், மிக்ஸி ரிப்பேரா?"

ஆமாம் என்றேன்.

கனடாவிலிருந்து க. போன். மாவைப் புளிக்க விடக் கூடாதாம், தண்ணி மோட்டாரை மறக்கக் கூடாதாம். வாசிப்பதைச் சொல்லவில்லை. சிரிப்பாள்.

நவ. 8, சனி

அரை நாள் வேலை. கிட்டாரைப் பெட்ஷீட்டில் சுற்றிக்கொண்டு குரோம்பேட்டையில் ரயில் ஏறினேன். கொய்யாக்காய் விற்கும் அம்மா: "இன்னாபா அது, ஆன்டெனாவா?"

மேற்குத் தாம்பரத்தில் கிட்டார் ரிப்பேர் கடை. கடைக்காரர் ஜோசப் கையில் வாங்கியதுமே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

"யாரோடது சார்?"

"பொண்ணோடது. இப்ப நான் வாசிக்கிறேன்."

"பொண்ணு லெஃப்ட் ஹேண்டா?"

அப்போதுதான் உறைத்தது.

"இடது கைக்குக் கம்பி கட்டிகீது சார். சாதா கிட்டாருன்னா ஒடம்பப் பாத்தே தெரிஞ்சிடும். இது ரெண்டு பக்கமும் ஒண்ணு போல கீதா, ஏமாந்துட்டீங்க. தலைகீழா வாசிச்சிகினு இருந்துகீறீங்க."

முப்பது வருட ஃபிட்டர் நான். சைக்கிள் இடது பெடல் எந்தப் பக்கம் முறுக்கணும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். என் பெண் எந்தக் கையில் எழுதுவாள் என்பது மறந்துவிட்டது. சோற்றுக்கு மட்டும் வலது கை. அது க. அதட்டிப் பழக்கியது.

"உங்க கைக்கு மாத்திடவா? பத்து நிமிசம்."

"வேணாம். அறுந்ததை மட்டும் அது இருந்த எடத்துல கட்டுங்க."

"அப்ப நீங்க எப்டி சார் வாசிப்பீங்க?"

"அது என் பாடு."

அவருக்குப் புரியவில்லை. மாற்றிக் கட்டினால் அது என் கிட்டார். அவளுடையது இல்லை.

நவ. 9, ஞாயிறு

மழை இல்லை. துணி காய்ந்தது. சாம்பாரில் உப்பு இரண்டு தடவை.

மாலை வீடியோ கால். தலைகீழாக வாசித்ததைத் திவ்யாவிடம் சொல்லிவிட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஐயோ அப்பா! ரெண்டு மாசமாவா?"

பின்னால் க.: "ஏய், மெதுவா சிரிடீ. உங்கப்பாவுக்கு வேற வேலை இல்ல."

பிறகு திவ்யா: "உங்க கைக்கே மாத்திக்கோங்கப்பா. நான் எங்க வந்து வாசிக்கப் போறேன்? இங்கயே வீடு பாத்தாச்சு."

வீடு பார்த்தது எனக்குத் தெரியாது. பெரிய ஹாலா என்று கேட்டேன். பெரிய ஹாலாம்.

மாவு புளித்துவிட்டது.

நவ. 11, செவ்வாய்

மறுபடி மழை. தெருவில் கணுக்கால் தண்ணீர்.

வந்ததும் கிட்டாரை மறுபக்கம் திருப்பி மாட்டினேன். தடிக் கம்பி மேலே வந்தது. இப்போது வலது கை விரல் அழுத்த வேண்டும், இடது கை மீட்ட வேண்டும். இரண்டும் மாட்டேன் என்கின்றன. முதல் கார்டிலிருந்து மறுபடி. ஒரே ஒரு தடவை சரியான சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன், யாரிடம் சொல்ல.

ஏழரைக்கு திவ்யா. கால் வீக்கம், மற்றபடி நலம். வைக்கும் முன்னால், "கம்பி மாத்தியாச்சாப்பா?"

"ஆச்சும்மா."

"குட். இப்பதான் அது உங்க கிட்டார்."

"ஆமா."

மாத்தலம்மா. இன்னும் உன் கைக்குத்தான் இருக்கு.